தகப்பனார் தொழில் என்ற கட்டம்

கீழ்வீட்டுக் கௌசல்யா போன வாரம் செல்போனைக் கையில் ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போடவேண்டும், போனிலேயே போடலாமாம். முப்பது வருஷம் ஒரு கல்லூரி ஆபீசில் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவள் நான் என்பது இந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சான்றிதழ், சலுகை, ஸ்காலர்ஷிப் என்று யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் வீட்டு அழைப்பு மணிதான் அடிக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

போனஃபைட் என்றால் என்ன, காஷன் டெபாசிட் திரும்ப வருமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அப்பாவின் தொழில் என்ன என்று போன் கேட்கிறது. தொட்டால் ஒரு பட்டியல் இறங்குகிறது. விவசாயம், கூலி, அரசுப் பணி, தனியார் பணி, சொந்தத் தொழில், மற்றவை. அவள் அப்பா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவர் மாவை வீசுகிற அழகைப் பார்க்கவே பஸ்ஸை விட்டவர்கள் உண்டு.

"கூலின்னு போட்டா சலுகை சுளுவா கெடைக்கும்னு கம்ப்யூட்டர் கடைல சொன்னாங்க ஆன்ட்டி. போட்டுடட்டுமா?" என்றாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சட்டென்று வெள்ளி மெருகுப் பொடியின் வாசனை அடித்தது. மெருகு போடுவதற்கு என் வீட்டில் ஒரு வெள்ளி ஸ்பூன்கூடக் கிடையாது. அந்த வாசனை ஏற்காட்டில், மஞ்சக்குட்டைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், பங்களாவுக்குப் பின்னால் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டின் வாசனை. நாற்பது வருஷத்துக்கு முந்தியது. சனிக்கிழமை சாயங்காலமானால் அப்பா பங்களாவின் கரண்டி, முள், கத்தியெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து வரிசையாகப் பரப்பித் தேய்ப்பார். நடுவில் நாங்கள் ஏதாவது பேசினால் அவருக்குப் பிடிக்காது. பூசை நேரத்தில் பேசினதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

அப்பா அந்த பங்களாவில் பட்லர். பட்லர் என்றதும் சமையல் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். மேஜை விரிப்பின் மடிப்பு எந்தப் பக்கம் விழவேண்டும், எந்த விருந்தாளிக்கு இரவில் வெந்நீர்ப் பை வேண்டும், மலையில் மழை பிடித்தால் ரொட்டி மாவு எத்தனை நேரம் பொறுக்கவேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். ஆனால் அவர் கேக்கைப் பற்றி இங்கிலீஷில் பேசினால் சேலத்திலிருந்து வந்த கனவான்களே வாயை மூடிக்கொள்வார்கள். அம்மா காட்டில் காப்பிப் பழம் பறித்தாள், மிளகு பறித்தாள், மீதி நேரத்தில் பங்களாத் துணி துவைத்தாள்.

நான் பிறப்பதற்கு முன்னால் எஸ்டேட் கை மாறியபோது, சீமைக்குக் கப்பலேறிய பழைய வெள்ளைக்காரத் தொரசானி தன் சாமான்களில் கொஞ்சத்தை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மணியடிக்கிற சுவர்க் கடிகாரம் ஒன்று, பிரம்பு நாற்காலி இரண்டு, சின்ன டீ மேஜை ஒன்று, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, நீலப்பூப் போட்ட பீங்கான் செட். டீப்பானைக்குப் போடுகிற கம்பளிக் குல்லாகூட இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் மழை ஒழுகின தடம், தரையில் சாணி மெழுகல், நடுவில் இந்தப் பிரம்பு நாற்காலிகள். சின்ன வயதில் எல்லோர் வீடும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிளஸ் டூ என்ற படிப்பே அப்போது வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. அதில் நான் நல்ல மார்க் வாங்கித் தொலைத்தேன். தொலைத்தேன் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதுவரை நிம்மதியாக இருந்த வீட்டில் அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அத்தனை கூத்தும். சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு பெண்கள் கல்லூரிக்கு எழுதிப் போடு என்று வகுப்பு டீச்சர் சொன்னார். எழுதிப் போடுவது என்றால், நம் விலாசத்தை நாமே எழுதி ஸ்டாம்பும் ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வைத்து அனுப்பவேண்டும். அம்மாவுக்கு அது பிடிபடவேயில்லை.

"நமக்கு நாமளே கடுதாசி போட்டுக்கறதா? அக்கம்பக்கத்துல தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா?" என்றாள்.

பழுப்பு உறை வந்தது. அந்தப் பசை வாசனை இப்போதும் எனக்குப் பிடிக்கும். உள்ளே ப்ராஸ்பெக்டஸ் என்ற புத்தகம். அதில் இருந்த பாதி வார்த்தைகள் எங்கள் மலைக்கு அதுவரை ஏறி வராதவை. நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் எனக்குத் தோன்றிய அர்த்தத்தையும் எழுதினேன். அந்த நோட்டு இப்போது இல்லாதது என் அதிர்ஷ்டம். போனஃபைட் என்பதை ஒருவிதக் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் என்று எழுதிவைத்திருந்தேன். இந்தப் பெண் இங்கேதான் படிக்கிறாள் என்று சொல்கிற அதே சான்றிதழைப் பிற்பாடு ஆயிரக்கணக்கில் டைப் அடித்துக் கொடுக்கப்போகிறவள் என்று அப்போது யார் கண்டார்கள்.

காஷன் டெபாசிட் மட்டும் அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பங்களாவில் ஒரு கோப்பை உடைந்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இங்கே முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். "ஒண்ணும் ஒடைக்காம இருந்தா திருப்பிக் குடுத்துருவாங்க கண்ணு. நாயமாத்தானே இருக்குது" என்றார். கல்லூரிப் பாஷையில் எங்கள் வீட்டுக்குப் புரிந்த முதல் வார்த்தை அதுதான். அதனாலேயே அவருக்கு அந்தக் கல்லூரியின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அடுத்தது கெஜட்டட் ஆபீசர். மார்க் ஷீட்டை டைப் அடித்து, அது உண்மை நகல்தான் என்று அப்படி ஒருவரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். விசாரித்ததில் எங்களுக்குக் கிட்டத்தில் இருந்த கெஜட்டட் ஆபீசர் மாட்டு டாக்டர்தான். நாங்கள் போனபோது அவர் ஒரு சினைப் பசுவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, பச்சை மையில் மூன்று நகலிலும் கையெழுத்துப் போட்டார். என் இங்கிலீஷ் மார்க்கைப் பார்த்துவிட்டு ஒருதரம் என் முகத்தையும் பார்த்தார். பசுவைப் பார்த்த அதே கனிவுதான்.

கல்லூரியில் இடம் கிடைத்தது. கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஃப்ரீஷிப் என்று ஒரு வார்த்தை இருந்தது. ஸ்காலர்ஷிப் தெரியும், ஃப்ரீஷிப் கேள்விப்பட்டதில்லை. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் செல்வராஜ் அண்ணன்தான் படித்துச் சொன்னார். வருமானம் குறைவான வீட்டுப் பிள்ளை என்று தாலுகா ஆபீஸ் சான்று கொடுத்தால் படிப்புச் செலவும் ஹாஸ்டல் செலவும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். மூன்று வாரத்துக்குள் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். சான்று வந்தால் கல்லூரி, வராவிட்டால் எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. அந்த வேலையும் பேசி வைத்தாகிவிட்டது. பச்சைப் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு அப்போது ஆகவே ஆகாது.

மனுவை ரைட்டர் அண்ணனே எழுதினார். தகப்பனார் தொழில் என்ற கட்டம் வந்தபோது யாரையும் கேட்காமல் 'கூலி' என்று எழுதினார். அப்பா எட்டிப் பார்த்து, "கூலிங்களா?" என்றார். அப்படிப் போட்டால்தான் காரியம் சுளுவாக நடக்கும், எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்றார் ரைட்டர். அன்றைக்கு ராத்திரி அப்பா சோற்றில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கூலி வேலை கேவலம் என்று நினைக்கிறவர் இல்லை அவர். அம்மாவே கூலிக்குப் போகிறவள்தானே. தான் இல்லாத ஒன்றைத் தன் பேருக்கு நேரே எழுதியதுதான் அவருக்கு இறங்கவில்லை.

ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர், நேரில் வந்து வீட்டை இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுவார் என்று ரைட்டர் சொன்ன அன்றைக்கு அப்பா முகம் தெளிந்துவிட்டது. எங்கள் வீழ்ச்சி அங்கேதான் தொடங்கியது.

எஸ்டேட்டில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டும். கம்பெனியின் பெரிய அதிகாரி வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அவர் வரும் முன்னால் ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். காப்பிக் களத்தைக் கழுவிவிடுவார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகளுக்கு மூக்கைத் துடைத்து எண்ணெய் வைத்து நிறுத்துவார்கள். அவர் முகம் கோணாமல் திரும்பிப் போனால் அந்த வருஷம் எல்லோருக்கும் நல்லது. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் இருப்பதில் நல்லதைக் காட்டுவது என்றுதான் பிறந்ததிலிருந்து நாங்கள் அறிவோம். குறையைக் காட்டவேண்டிய இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மார்க் வாங்கிய எனக்கும்தான்.

அப்பா இரண்டு நாள் தயார் செய்தார். கடிகாரத்தைத் துடைத்துச் சாவி கொடுத்தார். சுவரின் மழைத் தடத்தை மறைத்து அலமாரியை நகர்த்தினார். கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு, நீலப்பூப் பீங்கான், வெள்ளரிக்காய் சாண்ட்விச், ஆரஞ்சுத் தோல் சீவிப் போட்ட கேக், கேரமல் கஸ்டர்ட். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டைத் தானும் மாட்டிக்கொண்டார். ஆர்.ஐ. ஒல்லியான மனிதர். கையில் குடை, தோளில் ஜோல்னாப்பை. மஞ்சக்குட்டையில் பஸ் இறங்கி ஏற்றத்தில் நடந்து வந்த மூச்சு அடங்குவதற்குள் அவரைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் ஒரு நாப்கினையும் விரித்துவிட்டார் அப்பா. அந்த மனிதர் அதைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் இருந்தார். கடிகாரம் நாலு அடித்தது.

கஸ்டர்டை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். பேச்சு அதிகமில்லை. அலமாரியைப் பார்த்தார், பீங்கானைப் பார்த்தார், டீப்பானையின் குல்லாயைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். போகும்போது மட்டும், "ஏனுங்க, இதெல்லாம் உங்களுதுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார். எல்லாம் எங்களுதுங்க" என்றார் அப்பா. அவர் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

சான்று கையில் கிடைத்த மாதிரிதான் என்று அன்றைக்கு நாங்கள் மிச்சக் கேக்கைச் சாப்பிட்டோம். ஒரு வாரம் கழித்து ரைட்டர் அண்ணன் தாலுகா ஆபீசிலிருந்து திரும்பிவந்தார். வருமானம் வரம்புக்கு மேல், வசதியான குடும்பம், சான்று வழங்க இயலாது.

அப்பாவுக்கு முதலில் விளங்கவேயில்லை. டீ ஆறிப் போயிருந்ததா, கேரமல் ஒரு பக்கம் கருகிவிட்டதா என்று அம்மாவைக் கேட்டார். தன் உபசாரத்தில்தான் ஏதோ குறை என்று அவர் தேடியதைப் பார்க்க எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதினேழு வயசு. நாக்குக்கு எலும்பும் கிடையாது.

"நம்ம ஊட்டுல இருக்கறது எல்லாமே அடுத்தவங்க வேண்டாம்னு போட்டுட்டுப் போனது. அதப் போயி எங்களுதுன்னு ஏன் சொன்னீங்க?" என்றேன்.

அப்பா எழுந்து பங்களாவுக்குப் போய்விட்டார். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க முடிந்தால் என் ஓய்வூதியத்தில் பாதியைக் கொடுப்பேன். அப்போது அது எனக்கு ஒரு நியாயமாகத்தான் பட்டது.

மறுவிசாரணைக்கு மனுப் போட்டோம். கல்லூரிக் கெடுவுக்கு எட்டு நாள் இருந்தது. ஆர்.ஐ. வெள்ளிக்கிழமை மறுபடி வருவார் என்று சேதி வந்ததும் லயத்தில் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சாரம் ஒன்றுதான், சாமான் எதுவும் கண்ணில் படக்கூடாது. கிழிந்த பாய் வைத்திருந்தவர்கள் அதை அன்பாகக் கடன் தரவும் முன்வந்தார்கள். கடிகாரம் ஒரு வீட்டுக்கு, நாற்காலிகள் இன்னொரு வீட்டுக்கு, அலமாரி களத்துக் கொட்டகைக்கு என்று அம்மா பங்கு பிரித்தாள். அப்பா எதிலும் கை வைக்கவில்லை. பீங்கானை யாரோ சாக்கில் போடப்போனபோதுதான் எழுந்து வந்து, ஒவ்வொரு தட்டாகச் செய்தித்தாளில் சுற்றித் தானே கூடையில் அடுக்கினார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் அம்மா, தலையில் சும்மாடு, அதன் மேல் கடிகாரம். பின்னால் இரண்டு பெண்கள் தலைக்கு ஒரு பிரம்பு நாற்காலி. அப்புறம் டீ மேஜையோடு நான். கடைசியில் பீங்கான் கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு அப்பா. சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை திரும்புகிற இடத்தில், கீழேயிருந்து ஒரு குடை ஏறி வந்தது. வெள்ளிக்கிழமை தாலுகாவில் வேறு வேலை என்று ஆர்.ஐ. ஒருநாள் முந்திக்கொண்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அம்மா தலையில் இருந்த கடிகாரம் மூன்று அடித்தது. நிதானமாக, ஒவ்வொன்றாக.

"ஏனுங்க, ஊட்டக் காலி பண்றீங்களா?" என்றார் அவர்.

அம்மா மாதாவைக் கூப்பிட்டாள். எனக்குக் காப்பகத்துக் குழந்தைகள் அத்தனையும் ஒரே சமயத்தில் அழுவது காதில் கேட்டது. யாராவது ஒரு நல்ல பொய் சொல்லமாட்டார்களா என்று பார்த்தேன். எனக்கே ஒன்றும் தோன்றவில்லை. அப்பா கூடையை மெதுவாகத் தரையில் இறக்கினார். நாற்காலி ஒன்றை வாங்கிப் பாதையிலேயே ஆட்டம் இல்லாமல் போட்டு, துண்டால் துடைத்து, "உக்காருங்க சார்" என்றார். ஆர்.ஐ. உட்கார்ந்தார். அப்புறம்தான் அப்பா பேசினார்.

"ஒளிச்சு வெக்கத்தானுங்க எடுத்துட்டுப் போறோம். பொய் சொல்லலீங்க. ஆனா அன்னிக்கு நீங்க பாத்தது என்ர சொத்து இல்லீங்க சார். என்ர வேலை. எனக்குக் காட்டத் தெரிஞ்சது அது ஒண்ணுதானுங்க."

ஆர்.ஐ. குடையை மடக்கி மடிமேல் வைத்துக்கொண்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். முதல் தடவை அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை, வாய் முழுக்கக் கஸ்டர்டாக இருந்துவிட்டது. அப்பா பட்லர் வேலை என்றார், மாதச் சம்பளத்தையும் சொன்னார். அந்த மனிதர் ஜோல்னாப்பையிலிருந்து எங்கள் மனுவை எடுத்து விரித்து, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தார். அவருக்குக் கோபம்கூட வந்தது.

"கூலின்னு எழுதிப்புட்டீங்களே. கூலின்னா ரசீது ஏதுங்க, கணக்கு ஏதுங்க? ஊட்டப் பாத்துத்தான் நாங்க மதிப்புப் போடோணும். ஊட்டப் பாத்தா இப்பிடி இருக்குது. பட்லர்னு போட்டிருந்தா எஸ்டேட்ல ஒரு சாலரி சர்டிபிகேட் வாங்கியாங்கன்னு சொல்லிட்டு நான் போயிட்டே இருந்திருப்பனே."

சாலரி சர்டிபிகேட். என் நாற்பது பக்க நோட்டில் இல்லாத வார்த்தை. யாரும் எங்களிடம் கேட்காத வார்த்தை. சுளுவாகட்டும் என்று எழுதிய ஒரு பொய்தான் அதை எங்கள் கண்ணில் படாமல் மறைத்திருந்தது.

நான் சுமந்து வந்த டீ மேஜையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டார். பேனாவைத் திறந்து 'கூலி'யின் மேல் ஒரே கோடு, நேராக. "என்னான்னு எழுதட்டுங்க?" என்று கேட்டார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பட்லர்ங்க" என்றார். ஆர்.ஐ. பக்கத்து ஓரத்தில் குண்டு குண்டாக 'பங்களா பட்லர்' என்று எழுதி, அதன் கீழே சுருக்கொப்பமும் தேதியும் போட்டார். அப்பா குனிந்து அதைப் பார்த்தார். மை காயட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கொஞ்ச நேரம் நிமிரவேயில்லை.

கிளம்பும்போது ஆர்.ஐ. கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு ஒரு முட்டைப் பலகாரம் குடுத்தீங்களே, அதும் பேரு என்னங்க? ஊட்டுல சொன்னா நம்பமாட்டேங்கறாங்க" என்றார். அப்பா பேரைச் சொன்னதோடு விடாமல் பக்குவத்தையும் சொன்னார். சர்க்கரை எந்த நிறத்தில் இறங்கவேண்டும் என்பதற்குக் காய்ந்த ஆரஞ்சு இலை ஒன்றைப் பொறுக்கிக் காட்டினார்.

ரைட்டர் அண்ணன் அன்றைக்கே சம்பளச் சான்றை டைப் அடித்து மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கித் தந்தார். முன்னாலேயே சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷ வேலை என்று எங்களையே கடிந்தும் கொண்டார். கூலி என்று எழுதியது யார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. காரியம் ஆனால் சரி. நாலாம் நாள் வருமானச் சான்று வந்தது. கோபுர முத்திரையும் கையெழுத்துமாக அரைப் பக்கம்தான் இருக்கும். அம்மா அதைப் பைபிளுக்குள் வைத்தாள். நான் பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்துக்கும் நிம்மதிக்கும் அழுதவர்களைக் கேட்டால் தெரியும், நிம்மதிக்கு அழுகிற அழுகைதான் நிற்கச் சிரமப்படும். சாமான்கள் எல்லாம் ஊர்வலத்தன்றே சாயங்காலத்துக்குள் வீடு திரும்பியிருந்தன. பீங்கானில் ஒரு கீறல்கூட இல்லை.

கெடுவுக்கு முதல் நாள் காலை பஸ்ஸில் அப்பாவும் நானும் மலையிறங்கினோம். இருபது வளைவிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடவேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவில் கேட்கலாம் என்று இருந்தேன். அடிவாரம் வந்துவிட்டது. அவர் என் டிரங்குப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி, "ஹாஸ்டல்ல கோப்பை கீப்பைய ஒடைச்சுப் போடாத கண்ணு" என்றார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

கல்லூரி ஆபீசில் ஒரு அம்மாள் சான்றை வாங்கி இரண்டு நொடி பார்த்துவிட்டு ஒரு அடுக்கின் மேல் வைத்தார். அவ்வளவுதான். கடிகாரம், கஸ்டர்ட், மாட்டு டாக்டர், ஊர்வலம் எல்லாம் அந்த இரண்டு நொடிக்குத்தான். பிற்பாடு நானே அப்படியொரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு நொடியில் அடுக்கில் வைக்காமல் ஒவ்வொன்றையும் நாலு நொடியாவது பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஜூன் மாத நெரிசலில் அதுவும் கிடையாது. மூன்று வருஷம் கழித்துக் காஷன் டெபாசிட் முழுசாகத் திரும்பி வந்தபோது அப்பா அதை வாங்கிக்கொள்ளவில்லை. "ஒண்ணுமே ஒடைக்கல பாரு" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிக் காட்டினார். நான் வாங்கிய டிகிரியைவிட அதில்தான் அவருக்குப் பெருமை.

அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. பங்களாவில் இப்போது சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். எங்கள் வீடு இருந்த இடம் கார் நிறுத்துகிற இடம். கடிகாரம் என் ஹாலில்தான் இருக்கிறது, மணியடிப்பது எப்போதோ நின்றுவிட்டது. பழுப்பு உறை போயிற்று, பச்சை மைக்காக மாட்டுக் கொட்டகையில் காத்திருப்பதும் போயிற்று. ஆர்.ஐ. குடையோடு ஏறி வரவேண்டியதில்லை, சான்று போனுக்கே வந்துவிடுகிறது. நல்லதுதான். கௌசல்யாவின் அம்மா யாருக்காகவும் தலையில் சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம்.

அவளுக்கு நான் சொன்னேன். கூலி என்று போடாதே, தனியார் பணி என்று போடு, ஓட்டல்காரரிடம் ஒரு சம்பளச் சான்று வாங்கிவரச் சொல். ஐந்து நிமிஷ வேலை. அவள் தொட்டாள், பச்சை டிக் விழுந்தது. "அவ்ளோதானா ஆன்ட்டி? ராத்திரியெல்லாம் தூங்கவே இல்ல" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கதவு வரைக்கும் போனவள் திரும்பி நின்று, "பரோட்டா மாஸ்டர்னு போட முடிஞ்சிருந்தா அப்பா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றாள்.

போனை வாங்கி மறுபடி ஒருதரம் பார்த்தேன். மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் குண்டு குண்டாக எழுதி, கீழே சுருக்கொப்பம் போட அதில் ஓரமே இல்லை.